யாரைத் தேடுது

ஊத்துப்பட்டி விலக்கில் இருக்கும் கண்ணாஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் முதன்முதலாகக் காளை மாடு நின்றது, ஐப்பசி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. முந்தின நாள் மழையில் கரிசல் காடெல்லாம் காலைக் கவ்வும் சேறாகிக் கிடந்ததால் அன்று வரிசையில் பாதிக் கூட்டம்தான் என்றும், மாட்டின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது என்றும், அது பாட்டுக்கு வாலைச் சுழற்றி ஈ விரட்டிக்கொண்டிருந்தது என்றும் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் நேரில் பார்த்தது போலச் சொல்வார்கள். நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் டாக்டர் இன்னாசி, முப்பது வருஷமாக அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தே முதுகு வளைந்துபோனவர். இன்னொருத்தி முப்புடாதி. பதினேழு வயதில் கண் சிஸ்டர் வேலை படிக்க வந்து, எழுத்து அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்லி, கண்ணின் நீர் அழுத்தத்தை அளந்து, கண்மணி விரியச் சொட்டு மருந்து ஊற்றி, முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்காருங்கள் என்று லட்சம் பேரிடமாவது சொல்லி, முப்பத்தைந்து வயதை எட்டியிருந்தவள்.

மாட்டுக்காரர் பெயர் கோமதிநாயகம். சர்க்கரை வியாதி கண்ணுக்குள் இறங்கிவிட்டதா என்று பார்க்க வந்த பெரியவர். தாடையை மிஷினில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்னாசி விளக்கைக் கூட்டிக் குறைத்து மறுபடி பார்த்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்தவரிடம் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"பெரியவரே, மாடு எதுவும் வித்தீரா?"

"போன தையில வித்தேன்யா. செவலை. எட்டயபுரத்துக்காரர் ஒருத்தர் பிடிச்சிட்டுப் போனாரு. ஏன்யா?"

"கண்ணுக்குள்ள நிக்கி."

"நிக்கும்யா," என்றார் கோமதிநாயகம், ஆச்சரியமே இல்லாமல். "எனக்கு அதத்தான் தேடுது."

அந்தப் பக்கத்தில் ஒருவரை நினைத்து உள்ளுக்குள் ஏங்குவதைத் 'தேடுது' என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அம்மாவைத் தேடும், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டைத் தேடும். ஆகவே அந்த நிமிஷமே அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. அன்று மதியத்துக்குள் இன்னும் பதினொரு பேர் கண்ணில் பதினொரு பேர் நின்றார்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள். உள்ளே நிற்கிறவர்கள் உள்ளே பார்த்துத்தானே நிற்பார்கள் என்று காவலாளி சொன்னதை எல்லோரும் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் இன்னாசி நோயாளிச் சீட்டில் பெயர், வயது, ஊர், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று வருகிற வரிசையின் கடைசியில் 'தேட்டம்' என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்துவிட்டார்.

நிற்கிறவர்கள் ஓரமாக நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நரம்பு கண்ணுக்குள் நுழைகிற இடத்தில், நோய் எங்கே முதலில் தெரியுமோ அங்கேதான், அளவெடுத்தது போலக் காலை ஊன்றி நின்றார்கள். ரத்தக் கசிவைப் பார்க்க முடியவில்லை, விழித்திரை கிழிந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. படம் பிடிக்கும் மிஷினிலும் முதுகுதான் விழுந்தது. எட்டயபுரத்துக்காரர் நல்ல மனுஷர். சேதி கேட்டதும் செவலையைக் குட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வேம்பில் கட்டினார். கோமதிநாயகம் போய் அதன் திமிலில் கையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து தாடையை வைத்தார். கண் காலியாக இருந்தது. கசிவுகள் பளிச்சென்று தெரிந்தன. அன்றைக்கே லேசர் போட்டு அனுப்பினார்கள்.

இப்படித்தான் ஒவ்வொன்றாக வழி பிடிபட்டது. தேடுகிற ஆள் நேரில் வந்து பக்கத்தில் இருந்தால், உள்ளே நிற்கிற ஆள் போய்விடும். இறந்துபோனவர்கள் விஷயம் இன்னும் சுலபம். நோயாளி அவர்களை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படிக் கூப்பிட்டுச் சொன்னால் இரண்டு நிமிஷம் ஒதுங்கி நிற்பார்கள். வெம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்குப் புருஷன் இறந்து பன்னிரண்டு வருஷம். அவர் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. வெட்கத்தோடு, "இந்தாங்க, செத்த ஒத்திக்கோங்க, டாக்டர் பாக்கணுமாம்," என்றாள். அந்த மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். "உசுரோட இருக்கையில ஒரு சொல்லு கேட்டதில்ல, இன்னைக்கித்தான் கேட்டிருக்காக," என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

உயிரோடு இருப்பவர்கள்தான் கஷ்டம். சொன்னால் நகரமாட்டார்கள், வந்தால்தான் நகருவார்கள். மாதக் கடைசி ஞாயிறு ஊர் ஊராக நடத்தும் கண் முகாம் நோட்டீசில், ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுத் துணி, தேடுகிற ஆள் ஆகியவற்றுடன் வரவும் என்று போட்டார்கள். மினி பஸ் கண்டக்டர் பால்துரை ஆஸ்பத்திரிக்கு டிக்கெட் கேட்பவர்களிடம், "ஆளைப் பிடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிழித்தார். கிணற்றுத் தகராறில் பதினொரு வருஷம் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் ஒருவர் கண்ணில் ஒருவர் நின்றதால் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் முகத்தைப் பார்க்காமலே பேசி, முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டார்கள். கோவில்பட்டிக் கல்லூரிப் பையன் ஒருவன் கண்ணில் குதிரைவால் கொண்டை போட்ட ஒரு பெண் நின்றாள். "யாரு சிஸ்டர் நிக்கா? எங்க ஆளுகதானா?" என்று அவன் அம்மா நச்சரித்தாள். அன்றைக்குத்தான் முப்புடாதி, படத்தை வீட்டு ஆட்களுக்குக் காட்டக் கூடாது என்று சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஏனென்றால் யார் நிற்கிறார்கள் என்பதைவிட யார் நிற்கவில்லை என்பதுதான் வீடுகளில் சண்டையாக வெடித்தது.

ஏழு மாதக் குழந்தை ஒன்றும் வந்தது. போட்டோ எடுத்தால் ஒரு கண் மட்டும் பூனைக் கண் போல வெள்ளையாக மின்னுகிறது என்று கொண்டுவந்தார்கள். குழந்தையின் கண்ணில் அதன் தாய் நின்றாள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சேலையில், தூக்குச் சட்டியோடு. தாயை அங்கேயே உட்காரவைத்துப் பால் கொடுக்கச் சொன்னதும் உள்ளே இருந்தவள் மறைந்தாள். கடுகளவு கட்டி தெரிந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள், கண்ணும் தப்பியது, உயிரும் தப்பியது. ஆனால் அன்று அந்தத் தாய், "நான் முதுகைக் காட்டிட்டுப் போறதுதான் இதுக்குத் தெரியுதா, சிஸ்டர்?" என்று கேட்டாள். முப்புடாதி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

முப்புடாதிக்கு இதில் ஒரு பேர் உண்டாகிவிட்டது. முதுகைப் பார்த்து ஆளைச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "சட்டையைக் கைக்கு மேல ரெண்டு மடிப்பு மடிச்சிருக்காரு, இடது தோள் எறக்கம், பின் பையில சீப்பு" என்று அவள் சொல்வாள். "எங்க சித்தப்பா! திருப்பூர்ல இருக்காரு!" என்று வீட்டு ஆட்கள் கத்துவார்கள். ஒரு தடவைகூட அவள் தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. இருக்கட்டுமே, ஊரில் எதற்கெல்லாமோ மிதப்பாக இருக்கிறார்கள்.

தை பிறந்து இரண்டாவது வாரத்தில் அவளுடைய அம்மா வெயிலாச்சியின் கண்ணில் ஆள் நின்றது.

வெயிலாச்சிக்குக் கண் நீர் அழுத்த நோய். வலியில்லாமல், சத்தமில்லாமல், பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வருகிற நோய் அது. தின்றது தின்றதுதான், எந்த டாக்டரும் திருப்பித் தர முடியாது. வலது கண் எப்போதோ போய், வெள்ளை பூத்து மூடிவிட்டது. இடது கண் ஒன்றைத்தான் முப்புடாதி ஆறு வருஷமாகச் சொட்டு மருந்தால் இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள். காலை ஆறு மணிக்கு ஒரு சொட்டு, இரவு எட்டு மணிக்கு ஒரு சொட்டு. கண்ணை மூடு, மூக்கோரத்தை அமுக்கு, அஞ்சு நிமிஷம், திற. ஒரு வேளை தவறியதில்லை. தாய்க்கு இப்படிச் செய்கிற பிள்ளை எங்கே உண்டு என்று தெருவே சொன்னது. சொட்டு மருந்தும் கேட்காமல் இப்போது அழுத்தம் முப்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. இருபதைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

மிஷினில் பார்த்தது முப்புடாதிதான். மஞ்சள் தாவணி, பச்சைப் பாவாடை, இடுப்பு வரைக்கும் ஒற்றைச் சடை, நுனியில் கறுப்பு ரிப்பன். நரம்பு இருக்கும் இடம் மொத்தமும் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அவளுக்கு. அக்கா.

தங்கக்கனி பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஊரே ஒத்துக்கொள்ளாத ஒருவனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டவள். அன்றைக்கு வெயிலாச்சி, இனிமேல் இந்த வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொன்னாள். எடுக்கவில்லை. முப்புடாதிக்கு வந்த இரண்டு சம்பந்தமும் அதைச் சொல்லியே தட்டிப்போனது. மூன்றாவது வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் அம்மாவின் மிச்சமிருக்கிற ஒற்றைக் கண்ணில் நிற்பது ஓடிப்போனவள்தான் என்று தெரிந்தபோது முப்புடாதிக்கு நெஞ்சு கரித்தது. பக்கத்தில் இருப்பவளை யார் தேடுவார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனாலும் கரித்தது.

"அம்மா, உனக்கு யாரைத் தேடுது?"

"எனக்கு யாரையும் தேடலை. நீ ஓஞ் சோலியப் பாரு."

இன்னாசி வளைத்துப் பேசத் தெரியாதவர். "நரம்புல கொஞ்சமாச்சும் உயிர் இருந்தா ஆபரேஷன் பண்ணி அதைக் காப்பாத்திரலாம். ஒண்ணுமே இல்லாம இருந்து நான் கத்தியை வச்சேன்னா, இருக்கிற வெளிச்சமும் அன்னைக்கே அணைஞ்சிரும். பாக்காமப் பண்ண மாட்டேன், முப்புடாதி."

"எத்தனை நாள் தாங்கும் டாக்டர்?"

"மூணு வாரம். ஆளைக் கூட்டிட்டு வா."

பால்துரை நாலே நாளில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். முத்தையாபுரத்துக்குத் தெற்கே உப்பளம். முப்புடாதி போய்ச் சேர்ந்தபோது வெயில் உப்பில் பட்டு நாலா பக்கமும் கண்ணை அடித்தது. தங்கக்கனி வரப்பில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, நல்ல சதை, முன்னந்தலை நரை. நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். முப்புடாதிக்கு வாயில் வந்தது இதுதான்:

"கண்ணுல சதை வளந்திருக்கே. கறுப்புக் கண்ணாடி போடுறதில்லையா?"

"பதினெட்டு வருஷம் கழிச்சு வந்து இதத்தான் கேப்பியாட்டி?" என்று தங்கக்கனி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, ஈரக் கையோடு தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவா? அம்மா கண்ணுல நானா?" என்று அங்கே ஒரு தடவை கேட்டாள். வீட்டுக்கு வந்து மகள்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு ஒரு தடவை கேட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எட்டயபுரம் தாண்டுகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். "எப்படி நிக்கேன்? என்ன உடுத்திருக்கேன்?"

"மஞ்சத் தாவணி. சடை இடுப்பு வரைக்கும்."

"மஞ்சளா? எனக்கு மஞ்சள் இருந்துச்சா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "இருந்திருக்கும். அம்மாவுக்குத் தெரியாம இருக்குமா?" பதினெட்டு வருஷமாக, தன்னைத் தலைமுழுகிய தாய் என்றே நினைத்துத் தினமும் உப்பு வாரியவள், தன்னை ஒரு நாள்கூட அந்தத் தாய் மறக்கவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் புதுச் சேலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

தாயும் மகளும் சந்தித்ததை ஆஸ்பத்திரி மொத்தமும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. வெயிலாச்சி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, மகளின் முகத்தைத் தடவி, தோளைத் தடவி, "மெலிஞ்சுபோயிட்டயே," என்றாள். "எங்கம்மா மெலிஞ்சேன், ரெட்டையா இருக்கேன்," என்று தங்கக்கனி கதறினாள். கேண்டீன்காரம்மா மூக்கைச் சிந்தினாள். காவலாளி கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்து அழுதார். ஒரு மணி நேரம் இருவரையும் அப்படியே விட்டுவிட்டு, மருந்து ஊற்றி, முக்கால் மணி நேரம் காத்திருந்து, இன்னாசி மிஷினில் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார்.

மஞ்சள் தாவணி சுண்டுவிரல் அகலம்கூட நகரவில்லை.

வெயிலாச்சியை மறுபடி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு மூன்று பேரும் அறைக்குள் நின்றார்கள். மூன்று வாரத்தில் எட்டு நாள் போய்விட்டது. "எல்லாம் சரியாத்தான பண்ணுனோம் டாக்டர்?" என்று முப்புடாதி திரும்பத் திரும்பக் கேட்டாள். இன்னாசி, சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தைப் பார்க்காமல், படம் இருந்த கம்ப்யூட்டரைத் தங்கக்கனியின் பக்கம் திருப்பினார்.

தங்கக்கனி குனிந்து பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு வேறொன்று ஏறியது.

"வகிடு கோணலா இருக்கு," என்றாள். "சடை இடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது பாருங்க. தலையை ஆட்டாம உக்காருட்டின்னா உக்காந்தாத்தான? மடியில புஸ்தகத்தை வச்சுக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு, நான் பின்னுத பின்னல் பூராவும் கோணும். தினமும் நாந்தான பின்னிவிட்டேன். இந்தப் பின்னந்தலை எனக்குத் தெரியாதா?" கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள். "இது நான் இல்லட்டி. நீ."

ஊரார் முதுகையெல்லாம் பார்த்துப் பேர் சொன்னவள், தன் முதுகை மட்டும் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. யார்தான் பார்க்கிறார்கள்? முப்புடாதி படத்தைப் பார்த்தாள், யாரோ ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயதில் இந்த ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று என்ன தாவணி உடுத்தியிருந்தோம் என்று யோசித்தாள். நினைவில்லை. யாருக்கோ நினைவிருக்கிறது.

"நான் இங்கனதான இருக்கேன்!" என்று கோபமாகச் சொன்னாள். "எங்க போனேன் நான்? ஒரே வீட்டுலதான இருக்கேன்! காலையில ஆறு மணிக்கு மருந்து, ராத்திரி எட்டு மணிக்கு மருந்து, மாசம் ஒரு தடவை அழுத்தம் பாக்கேன். நான் வந்துதான இருக்கேன் டாக்டர்? வந்தா நகரணும்லா?"

இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே கேட்டது, தான் சொன்ன பட்டியலில் மருந்தும் அழுத்தமும் தவிர வேறொன்றும் இல்லை என்பது. அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது எப்போது? கேட்டிருப்பாள், சர்க்கரைக்காகக் கேட்டிருப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தது எப்போது? தினமும்தான் பார்க்கிறாள், டார்ச் அடித்து. அவள் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கக்கனி வெளியே போய்க் குழாயடியில் வெகு நேரம் முகம் கழுவினாள். திரும்பி வந்து இன்னாசியிடம் கேட்டாள். "ஐயா, அம்மாவோட வலது கண்ணுல யாரு நிக்கான்னு பாத்தீகளா?"

"அது மூடிப்போச்சும்மா. உள்ள பாக்கவே முடியாது."

"அப்பம் நான் அதுலதான் இருப்பேன்," என்றாள் தங்கக்கனி. இன்னாசி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "இருப்பம்மா," என்றார்.

பிறகு அவர் டாக்டராகிவிட்டார். "முப்புடாதி, கோட்டைக் கழத்து. போய் உங்கம்மா பக்கத்துல உக்காரு. இந்தாம்மா, இவ ரெண்டு கண்ணுலயும் இந்த மருந்தை ஊத்து. கண்ணு தெரிஞ்சா, எவனாவது சிஸ்டர்னு கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போயிருவா."

தங்கக்கனிக்கு மருந்து ஊற்றிப் பழக்கமில்லை. பாதி கன்னத்தில் வழிந்தது. பதினெட்டு வருஷம் அடுத்தவர் கண்ணில் ஊற்றிய மருந்து இப்படிக் கரிக்கும் என்று முப்புடாதிக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலை நாலரை மணிக்கு இன்னாசி வெயிலாச்சியின் நரம்பைப் பார்த்தார் என்பதும், ஐந்தில் ஒரு பங்கு உயிரோடு இருந்தது என்பதும், மறுநாள் ஆபரேஷன் நடந்து, கையெட்டும் தூரத்தில் ஒரு முகம் முழுதாகத் தெரிகிற அளவுக்குப் பார்வை மிஞ்சியது என்பதும், அதை வைத்துக்கொண்டு அவள் பதினொரு வருஷம் இருந்தாள் என்பதும், வேலை நெருக்கும் மாதங்களில் மஞ்சள் தாவணி மறுபடி வந்து நிற்கும், அப்போதெல்லாம் இன்னாசி எதுவும் பேசாமல் முப்புடாதிக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார் என்பதும் ஊத்துப்பட்டி விலக்கில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெஞ்சில் நடந்ததைப் பார்த்தவர்கள் என்று தங்கக்கனியைத் தவிர யாரும் இல்லை. அந்த நேரம் அங்கே உட்கார்ந்திருந்த பதினேழு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்ததைத்தான் சொல்கிறார்கள்.

தங்கக்கனி தங்கச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அம்மாவுக்கு இடது பக்கம் அவளை உட்காரவைத்துவிட்டு, வலது பக்கம் தான் போய் உட்கார்ந்துகொண்டாள். வெயிலாச்சி அரைத் தூக்கத்தில் இருந்தாள். முப்புடாதிக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, தெரிந்ததையே கேட்டாள்.

"கண்ணு எரியுதாம்மா?"

"இல்ல, சிஸ்டர்," என்றாள் வெயிலாச்சி.

பெஞ்சில் யாரோ இருமினார்கள். முப்புடாதியின் மூடிய இமைக்குள் மருந்தும் அதோடு வேறொன்றும் சேர்ந்து நிறைந்து நிறைந்து வழிந்தது. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஹாலில் கடிகாரம் ஓடுகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. எழுந்திருக்க வேண்டும் போல இருந்தது. எழுந்தால் எங்கே போவது, கண் தெரியவில்லை. எழுத்து அட்டைப் பக்கமிருந்து யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள், அவள் அசையவில்லை. வெகு நேரம் கழித்து, சிஸ்டர் ஆகாத ஒரு குரல் எங்கிருந்தோ அவள் தொண்டைக்கு வந்தது.

"எம்மா," என்றாள். "எனக்குக் கண்ணு கரிக்கும்மா."

வெயிலாச்சி விழித்துக்கொண்டாள். கண்ணைத் திறக்காமலே கை மட்டும் எழுந்து, இருட்டில் பாத்திரம் எடுக்கிற கைப் பழக்கத்தோடு, மகளின் தலையைப் பிடித்து மடிப்பக்கம் சாய்த்தது. முந்தானையைச் சுருட்டிப் பந்தாக்கி, வாயில் வைத்து ஹா என்று சூடாக ஊதி, ஒரு கண்ணில் ஒற்றினாள். மறுபடி ஊதினாள், மறு கண்ணில் ஒற்றினாள். சேலையில் வேப்பெண்ணெய் வாசமும் அரிசி வாசமும் இருந்தது. எட்டு மணி ஆகவில்லை, ஆறு மணி ஆகவில்லை, அம்மாவின் கை அவள் முகத்தில் இருந்தது. ஒற்றிய கை நெற்றிக்குப் போய், கோணல் வகிட்டைத் தடவிப் பார்த்தது.

"எப்பட்டி வந்த?" என்றாள் வெயிலாச்சி.

"இப்பத்தாம்மா."

அறை வாசலுக்கு இன்னாசியே வந்து நின்று, "வெயிலாச்சியம்மா, உள்ள வாங்க," என்று கூப்பிட்டார்.

"செத்த இருங்கய்யா," என்று வெயிலாச்சி முந்தானையை மறுபடி வாயருகே கொண்டுபோனாள். "எம் புள்ள இப்பத்தான் வந்திருக்கா."